என் மெஷின்ல ஓடுதே!

ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையின் கணினிகளைப் பார்த்துக்கொள்வது என் பிழைப்பு. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு நான் பார்க்கும் வேலைக்குச் சம்பளம் கிடையாது. யூனிகோடு பரவுவதற்கு முன்னால் திஸ்கி, டேப் போன்ற குறியீடுகளில் தட்டச்சு செய்த தமிழ்க் கோப்புகளை இன்றைய யூனிகோடுக்கு மாற்றித் தரும் சின்ன நிரல் ஒன்றைப் பராமரிக்கிறேன். சி மொழியில் எழுதியது. மூலநிரல் எல்லாருக்கும் திறந்தே கிடக்கிறது. எடுத்துக்கொள்ளலாம், மாற்றலாம், திருப்பிக் கொடுக்கலாம். முதலில் எழுதியவர் குடும்பம், உத்தியோகம் என்று ஒதுங்கிவிட்டதால் பொறுப்பு என்னிடம் வந்து சேர்ந்தது.

ஒரு நாள் யாழ்ப்பாணத்து நூலகர் ஒருவரிடமிருந்து கடிதம். "தம்பி, உங்கட புரோகிராம் எங்கட பழைய கோப்பு எல்லாத்தையும் குப்பையாக்கித் தருது. ஒருக்கால் பாருங்கோ." கூடவே ஒரு மாதிரிக் கோப்பு. என் மேசையிலிருந்த ராஸ்பெரி பை என்னும் கையடக்கக் கணினியில் ஓட்டினேன். ஓர் எழுத்துப் பிசகாமல் வந்தது. "என் மெஷின்ல ஓடுதே" என்று பதில் போட்டுவிட்டுப் படுக்கப் போவது எங்கள் தொழிலில் தொன்றுதொட்ட வழக்கம். ஆனால் ஆலையிலிருந்த இன்டெல் மடிக்கணினியில் அதே நிரலை அதே லினக்ஸில் கம்பைல் செய்து ஓட்டியபோது, அவர் சொன்ன குப்பை அப்படியே வந்தது. தங்கை வீட்டு ஆப்பிள் மடிக்கணினியிலும் குப்பைதான். இத்தனைக்கும் அந்த ஆப்பிளின் புராசஸரும் ராஸ்பெரி பையின் புராசஸரும் ஆர்ம் என்ற ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை.

காரணம் இது. ஒரு பைட்டில் 0 முதல் 255 வரை எண்கள் அடங்கும். அதில் 127 வரை ஆங்கில எழுத்துக்கும் எண்ணுக்கும் போய்விட்டன. பழைய தமிழ்க் குறியீடுகள் மிச்சமிருந்த மேல்பாதியில்தான் குடியேறின. திஸ்கியில் 'அ' என்பது 171. சி மொழியில் ஓர் எழுத்தை வைக்கும் கேரக்டர் என்ற வகை 0 முதல் 255 வரை எண்ணுமா, அல்லது கழித்தல் 128 முதல் 127 வரை எண்ணுமா என்பதை மொழியின் விதிநூல் முடிவு செய்யவில்லை. கம்பைலர் செய்பவர் விருப்பம் என்று விட்டுவிட்டது. ஆர்ம் புராசஸரில் ஓடும் லினக்ஸ் முதல் வழியை எடுத்துக்கொண்டது. இன்டெல்லில் இரண்டாவது வழி. ஆப்பிள் தன் ஆர்ம் கணினிகளுக்கும் இரண்டாவது வழியையே வைத்துக்கொண்டது. இரண்டாவது வழியில் 171 என்பது கழித்தல் 85 ஆகிவிடும். "அட்டவணையின் 171ஆவது கட்டத்தைப் பார்" என்ற கட்டளை "கழித்தல் 85ஆவது கட்டத்தைப் பார்" என்றாகும். அப்படி ஒரு கட்டமே கிடையாது. நினைவகத்தில் அந்த இடத்தில் எது கிடக்கிறதோ அதை அள்ளிக்கொண்டு வந்து கொடுக்கும். ஆங்கிலம் மட்டும் கையாளும் நிரலில் இந்தப் பிழை பல வருடம் தூங்கும். தமிழ் தொட்டவுடன் விழித்துக்கொள்ளும்.

திருத்தம் ஒரே ஒரு சொல்: எண்ணுக்குக் கழித்தல் குறி கிடையாது என்று வகையின் முன்னால் சொல்லிவிட வேண்டும். ஆனால் அதைத் தேடிய வழியில் வேறொன்று கண்ணில் பட்டது. ஒரு பைட் எழுத்தா, இடைவெளியா என்று கேட்க சி மொழியில் சில ஆயத்தச் சார்புகள் உண்டு. அவற்றிடம் கழித்தல் 85ஐக் கொடுத்தால் என்ன ஆகும் என்றும் விதிநூல் சொல்லவில்லை. லினக்ஸின் ஜிலிப்சி நூலகம், இப்படிக் கொடுப்பவர்கள் இருப்பார்கள் என்று தெரிந்தே, தன் அட்டவணையைக் கழித்தல் 128 வரை நீட்டி வைத்திருக்கிறது. தப்பைப் பொறுத்துக்கொண்டு ஏதோ ஒரு பதில் தரும். மைக்ரோசாஃப்டின் கம்பைலரைப் பிழைதேடும் நிலையில் வைத்து ஓட்டினால், சட்டென்று ஒரு பெட்டியை எழுப்பி அந்த இடத்திலேயே நிறுத்திவிடும். எனக்கு உதவியது நிறுத்தியதுதான். திறமூலக்காரர்கள் சிலருக்கு விண்டோஸ் என்றாலே ஒரு முகச்சுளிப்பு உண்டு. அந்தச் சுளிப்பு நமக்கே நஷ்டம்.

சி மொழி ஏன் இவ்வளவு விஷயங்களைத் திறந்து விட்டது? 1970களின் தொடக்கத்தில் பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிச்சி இந்த மொழியை உருவாக்கியபோது, கணினிகள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவையாக இருந்தன. பி.டி.பி.-11 என்ற கணினி 16 பிட்டுகளாக எண்ணியது, ஐ.பி.எம். 32 பிட்டுகளாக, ஹனிவெல் 6000 என்ற கணினி 36 பிட்டுகளாக. எதையாவது இறுக்கிச் சொன்னால் மற்றதில் நிரல் மெதுவாகிவிடும். ஆகவே, அந்தந்த எந்திரத்துக்கு வசதியானதைச் செய்துகொள்ளட்டும் என்று விட்டார்கள். 1989இல் அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பு விதிநூலை எழுதியபோதும் அந்தச் சலுகை தொடர்ந்தது. நம் ஊர்களில் முன்பு ஒரு படி அரிசி என்றால் எந்த ஊர்ப் படி என்று கேட்டுக்கொள்ள வேண்டியிருந்ததே, அதே கதைதான் சி மொழியின் முழு எண்களும். 'லாங்' என்ற எண் வகை 64 பிட் லினக்ஸிலும் ஆப்பிளிலும் 64 பிட். 64 பிட் விண்டோஸில் 32 பிட்தான். 32 பிட் லாங்கில் அடங்கும் பெரிய எண் 2,147,483,647. கோப்பில் எங்கே இருக்கிறோம் என்பதை லாங்கில் எழுதி வைத்த நிரல், 2 ஜி.பி.யைத் தாண்டிய கோப்பை விண்டோஸில் திறந்தால் வழி தவறும். லினக்ஸில் மட்டும் ஓட்டிப் பார்த்தவருக்கு இது கனவிலும் தெரியாது.

கம்பைலர் என்றால் என்ன என்று கேட்கக்கூடிய வாசகருக்கு: மனிதர் எழுதிய நிரலைப் புராசஸர் புரிந்துகொள்ளும் கட்டளைகளாக மாற்றித் தரும் நிரல் அது. திறமூல உலகில் பெரியவை இரண்டு. 1987இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் வெளியிட்ட ஜி.சி.சி. ஒன்று. அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் கிறிஸ் லாட்னர் தொடங்கிய எல்.எல்.வி.எம். திட்டத்திலிருந்து வளர்ந்த கிளாங் இன்னொன்று. ஆப்பிளும் ஆண்ட்ராய்டும் இன்று அதையே நம்புகின்றன. மூன்றாவதாக மைக்ரோசாஃப்டினுடையது. இந்த மூன்றையும் லினக்ஸ், விண்டோஸ், மேக், பி.எஸ்.டி. வகையறா, அவற்றின் பழைய பதிப்புகள், பலவகைப் புராசஸர்கள் ஆகியவற்றோடு பெருக்கிப் பாருங்கள். ஒரு சின்ன நிரலுக்கே சேர்க்கைகள் எக்கச்சக்கமாகிவிடும். கர்ல் என்றொரு திறமூல நிரல் இருக்கிறது. இணையத்திலிருந்து ஒன்றை இறக்குவதுதான் அதன் வேலை. ஸ்வீடன்காரர் டேனியல் ஸ்டென்பெர்க் தலைமையில் வளர்ந்த அது, நூறுக்கும் மேற்பட்ட இயங்குதளங்களில் ஓடியிருக்கிறது. அந்தப் பரப்புக்காகவே இன்றும் 1989ஆம் ஆண்டு விதிநூலுக்குள் அடங்கும் சி மொழியில் எழுதுகிறார்கள். பழமை விரும்பிகள் என்று கேலி பேசுவோர் உண்டு. எனக்கு அது கேலிக்குரியதாகத் தெரியவில்லை.

கம்பைலர் ஒன்று நாம் எழுதியதை அப்படியே மாற்றித் தருகிறது என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் அது நம்மைவிடக் கூர்மையாக விதிநூலைப் படிக்கும் வாசகர். 2009இல் லினக்ஸின் மையப் பகுதியான கர்னலில் நடந்ததைச் சொல்கிறேன். 'டன்' என்ற நெட்வொர்க் பகுதியில் நினைவகத்தில் ஓரிடத்தைக் காட்டும் சுட்டி ஒன்றின் வழியாக ஒரு மதிப்பை எடுத்துவிட்டு, அதற்குப் பிறகுதான் அந்தச் சுட்டி வெறுமையா என்று சோதித்திருந்தார்கள். வரிசை தலைகீழ். ஜி.சி.சி. இப்படி யோசித்தது: வெறுமையான சுட்டி வழியாகப் போவது விதிப்படி கூடாது; நிரல்காரர் ஏற்கெனவே போய்விட்டார்; ஆகவே அது வெறுமையாக இருக்க முடியாது; பிறகு எதற்குச் சோதனை? சோதனையையே வெட்டி எறிந்துவிட்டது. மூலநிரலில் பூட்டு இருக்கிறது, ஓடும் நிரலில் இல்லை. அந்தச் சந்து வழியாகச் சாதாரணப் பயனர் ஒருவர் கணினியின் முழு அதிகாரத்தையும் கைப்பற்ற முடியும் என்று பிராட் ஸ்பெங்லர் என்ற பாதுகாப்பு ஆய்வாளர் செய்து காட்டினார். அதன்பிறகு, இப்படிப்பட்ட சோதனைகளை வெட்டாதே என்று ஜி.சி.சி.க்குச் சொல்லும் ஒரு கட்டளைத் தேர்வோடுதான் கர்னலைக் கட்டுகிறார்கள்.

யார் பக்கம் நியாயம்? இதற்கு அடுத்த வருடம் வந்த இன்னொரு வழக்கு அந்தக் கேள்வியைக் கிளறியது. ஃபெடோரா 14 என்ற லினக்ஸ் பதிப்பில் உலாவியில் ஒலியும் படமும் காட்டிவந்த ஃபிளாஷ் நிரல் வழியாக வந்த பாட்டுகள் கரகரக்கத் தொடங்கின. நினைவகத்தில் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் பைட்டுகளை நகலெடுக்க மெம்காப்பி என்ற சார்பு உண்டு. இரண்டு இடங்களும் ஒன்றன்மேல் ஒன்று படியக்கூடாது என்பது அதன் நிபந்தனை. அடோபியின் ஃபிளாஷ் அதை மதிக்கவில்லை. ஆனாலும் நகல் முன்னாலிருந்து பின்னால் போனவரை தப்பித்துக்கொண்டிருந்தது. புது ஜிலிப்சி வேகத்துக்காகச் சில புராசஸர்களில் பின்னாலிருந்து முன்னால் நகலெடுக்க, ஒலி சிதறியது. ஜிலிப்சிக்காரர்கள், தப்பு ஃபிளாஷினுடையது, எங்கள் சார்பு விதிப்படி இருக்கிறது என்றார்கள். லினக்ஸை உருவாக்கிய லினஸ் டொர்வால்ட்ஸ், பயனருக்கு அந்த நியாயமெல்லாம் எதற்கு, நேற்று ஓடியது இன்று ஓடவில்லை, அவ்வளவுதான் என்று வாதாடினார். கடைசியில், பழைய நிரல்களுக்குப் பழைய நடத்தை, புதிதாகக் கட்டுபவற்றுக்குப் புது நடத்தை என்று ஜிலிப்சி ஒரே சார்பை இரண்டு பதிப்புகளாக வைத்துக்கொண்டது. விதிநூல்படி ஜிலிப்சி சொன்னதே சரி. ஆனாலும் நான் டொர்வால்ட்ஸ் கட்சி. ஆலையில் நேற்று அச்சான சம்பளப் பட்டியல் இன்று அச்சாகவில்லை என்றால், கணக்குப்பிள்ளையிடம் விதிநூல் காட்ட முடியாது.

இதெல்லாம் சி மொழியின் தலைவலி, பைத்தான் போன்ற மொழிகளுக்குக் கிடையாது என்று இளைஞர்கள் சொல்வார்கள். 2019இல் ஹவாய் பல்கலைக்கழக வேதியியலாளர்கள் கண்டுபிடித்ததை அவர்களுக்குச் சொல்வேன். மூலக்கூறின் அமைப்பைக் கணித்துச் சொல்லும் பைத்தான் நிரல் ஒன்று 2014இல் ஓர் ஆய்விதழில் வெளியாகி, பல ஆய்வகங்களில் புழங்கிவந்தது. ஹவாய்க்காரர்கள் ஒரே தரவைக் கொடுத்து வெவ்வேறு கணினிகளில் ஓட்டினால் விடை வேறாக வந்தது. விண்டோஸ் 10இல் ஒன்று, உபுண்டுவில் ஒன்று. மேக்கிலேயே பழைய மாவெரிக்ஸ் பதிப்பில் ஒன்று, புது மொஹாவியில் ஒன்று. தேடிப் பார்த்ததில் பழி ஒரே வரியில் இருந்தது: அடைவிலுள்ள கோப்புகளின் பட்டியலைக் கேட்கும் வரி. பட்டியல் அகர வரிசையில் வரும் என்று எழுதியவர்கள் எண்ணிவிட்டார்கள். பைத்தான் அப்படி வாக்குக் கொடுக்கவே இல்லை. இயங்குதளம் எந்த வரிசையில் நீட்டுகிறதோ அதே வரிசையில் தரும். சில கணினிகளில் அது தற்செயலாக அகர வரிசையாக அமைந்திருந்தது. நிரல் நிற்கவில்லை, எச்சரிக்கவில்லை. நேர்த்தியான தசம எண்ணாக ஒரு தப்பு விடையைக் கொடுத்துக்கொண்டிருந்தது. வரிசைப்படுத்து என்று ஒரு சொல் சேர்த்தால் தீர்ந்தது.

நிரல் ஒன்று ஓரிடத்தில் ஓடுகிறது என்றால், அது சரியாக எழுதப்பட்டிருக்கலாம், அல்லது அந்த இடம் அதன் தப்பை மூடிக்கொண்டிருக்கலாம். இந்த இரண்டையும் பிரித்துக் காட்ட இன்னொரு கம்பைலரும் இன்னொரு இயங்குதளமும் வேண்டும். யாருமே பயன்படுத்தாத தளத்துக்கு எதற்கு மெனக்கெடுகிறீர்கள் என்று என்னைக் கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் இது ஒன்றுதான்.

சரி, வித்தியாசங்களை எப்படிச் சமாளிக்கிறார்கள்? சி மொழியில் எளிய வழி, நிரலுக்குள்ளேயே "விண்டோஸ் என்றால் இந்த வரிகள், இல்லையென்றால் அந்த வரிகள்" என்று நிபந்தனை போடுவது. ஆரம்பத்தில் வசதி. பத்து வருடம் கழித்து, நிபந்தனைக்குள் நிபந்தனை நுழைந்து, எந்த வரி எந்தக் கணினியில் ஓடுகிறது என்று எழுதியவருக்கே தெரியாமல் போகும். இதில் நான் மிகவும் மதிக்கும் ஏற்பாடு ஓப்பன் எஸ்.எஸ்.ஹெச். குழுவினுடையது. தொலைவிலுள்ள கணினிக்குள் பாதுகாப்பாக நுழைய உலகம் முழுவதும் பயன்படும் நிரல் அது, 1999இல் ஓப்பன்பி.எஸ்.டி. என்ற இயங்குதளத்தின் ஆட்கள் தொடங்கியது. ஒரு குழு ஓப்பன்பி.எஸ்.டி.யை மட்டும் மனதில் வைத்து, நிபந்தனைக் குப்பை இல்லாமல் சுத்தமாக எழுதுகிறது. இன்னொரு குழு அதை எடுத்து லினக்ஸுக்கும் மேக்குக்கும் மற்றவற்றுக்கும் பொருத்துகிறது. உங்கள் லினக்ஸ் கணினியில் அதன் பதிப்பு எண்ணைக் கேட்டுப் பாருங்கள். எண்ணின் நடுவே ஆங்கிலப் 'பி' என்ற எழுத்து நிற்கும். போர்ட்டபிள், அதாவது இரண்டாம் குழுவின் கைபட்டது என்று அதற்கு அர்த்தம். மற்ற தளங்களில் இல்லாத சார்புகளை அவர்கள் தனி அடைவில் தாங்களே எழுதி வைத்துக்கொள்கிறார்கள். மூலநிரல் அழுக்காவதில்லை.

இன்னொரு வழி, கணினியிடமே கேட்டுத் தெரிந்துகொள்வது. 1991இல் டேவிட் மெக்கன்சி தொடங்கிய ஆட்டோகான்ஃப் என்ற கருவி இதைச் செய்கிறது. லினக்ஸில் ஒரு திறமூல நிரலைக் கட்டியவர்கள், 'கான்ஃபிகர்' என்ற கட்டளை ஓடித் திரையில் கேள்விகளும் விடைகளும் வரிவரியாக ஓடுவதைப் பார்த்திருப்பார்கள். இந்தச் சார்பு இருக்கிறதா? இருக்கிறது. லாங் எத்தனை பைட்? எட்டு. ஒவ்வொரு கேள்விக்கும் அது ஒரு குட்டி நிரலை எழுதிக் கம்பைலரிடம் கொடுக்கிறது. கம்பைல் ஆனால் "உண்டு". ஆகாவிட்டால் "இல்லை".

வம்பு அந்த "இல்லை"யில்தான் இருக்கிறது. குட்டி நிரல் வேறு காரணத்தால் கம்பைல் ஆகாமல் போனாலும் விடை "இல்லை"தான். கேள்வியே தப்பாகக் கேட்கப்பட்டது என்று சொல்ல அங்கே வழி கிடையாது. அறிமுகம் செய்யாத சார்பை அழைக்கக்கூடாது என்று சி மொழியின் 1999ஆம் ஆண்டு விதிநூல் சொல்லிவிட்டது. கம்பைலர்கள் பழைய நிரல்களை நினைத்து வெறும் எச்சரிக்கையோடு விட்டுக்கொண்டிருந்தன. 2023இல் கிளாங் 16ஆம் பதிப்பும் 2024இல் ஜி.சி.சி. 14ஆம் பதிப்பும் பொறுத்தது போதும் என்று அதைப் பிழையாக்கின. உடைந்து நின்ற நிரல்கள் பரவாயில்லை, கண்ணுக்குத் தெரியும். பயமுறுத்தியவை உடையாதவை. அவற்றின் பழைய கான்ஃபிகர் கேள்விகளே இந்த விதியை மீறி எழுதப்பட்டவை. புதுக் கம்பைலரில் கேள்வி கம்பைல் ஆகாது. இருக்கிற வசதி "இல்லை" என்று பதிவாகும். நிரல் சத்தமில்லாமல் அந்த வசதி இல்லாமலே கட்டப்பட்டுவிடும். ஃபெடோரா, ஜென்டூ போன்ற லினக்ஸ் விநியோகங்களின் ஆட்கள் புதுப் பதிப்புகள் பரவுவதற்கு முன்பே, ஒவ்வொரு தொகுப்பாக எடுத்துப் பழைய கம்பைலரின் விடைகளையும் புதியதன் விடைகளையும் ஒப்பிட்டுத் திருத்தினார்கள். அவர்கள் பெயர் எந்த விளம்பரத்திலும் வராது.

இதே மௌனமான "இல்லை"யை ஆயுதமாகவும் பயன்படுத்தினார்கள். 2024 மார்ச் 29 அன்று, போஸ்ட்கிரெஸ் தரவுத்தள நிரலின் உருவாக்குநர்களில் ஒருவரான ஆண்ட்ரஸ் ஃபிராய்ண்ட், எக்ஸ்.இசட். என்ற கோப்புச் சுருக்கும் நிரலில் ரகசியக் கதவு ஒன்று வைக்கப்பட்டிருப்பதை உலகுக்குச் சொன்னார். எஸ்.எஸ்.ஹெச். வழியாக நுழைய அரை விநாடி கூடுதலாக ஆகிறதே என்று அவருக்கு எழுந்த சந்தேகம்தான் தொடக்கம். பொய்ப் பெயரில் வந்த ஒருவர் இரண்டு வருடத்துக்கும் மேலாக உழைத்து நம்பிக்கை சம்பாதித்து, 5.6.0, 5.6.1 பதிப்புகளில் அதை வைத்திருந்தார். எங்கே வைத்தார் என்பதுதான் எங்களைப் போன்றவர்களுக்கு உறைக்க வேண்டியது. கதவைத் திறக்கும் முதல் வரி, கான்ஃபிகரை உருவாக்கும் துணைக்கோப்பு ஒன்றில் இருந்தது. பொதுவில் எல்லாரும் பார்க்கும் மூலநிரல் களஞ்சியத்தில் அது கிடையாது. வெளியீட்டுத் தொகுப்பில் மட்டும் இருந்தது. பல தளங்களுக்குப் பொருத்துவதற்கென்று எழுதப்படும் அந்தப் பகுதியை யாரும் வாசிப்பதில்லை என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

இன்னொரு வேலையும் செய்திருந்தார். லேண்ட்லாக் என்பது ஒரு நிரல் எதையெல்லாம் தொடலாம் என்று லினக்ஸ் போடும் வேலி. அந்த வேலி இந்தக் கணினியில் கிடைக்குமா என்று கேட்கும் குட்டி நிரலில், தனியாக ஒரு புள்ளியை வைத்துவிட்டார். ஒரே ஒரு முற்றுப்புள்ளி. அதனால் அது ஒருபோதும் கம்பைல் ஆகாது. விடை எப்போதும் "இல்லை". அந்தக் குட்டி நிரலை நம்பிக் கட்டினால் வேலி ஒருபோதும் எழாது. பார்ப்பவர் கண்ணுக்கு ஏதோ தூசி போலத்தான் தெரியும். இதைப் படித்த பிறகு, என் நிரலின் கான்ஃபிகரை ஒரு வார இறுதியில் உட்கார்ந்து முழுக்க வாசித்தேன். 1990களில் செத்துப்போன யூனிக்ஸ்களுக்கான கேள்விகள் பாதிக்கு மேல். அத்தனையையும் நீக்கினேன். மிச்சமிருப்பது எனக்கு மனப்பாடம்.

நீக்குவதும் இந்த வேலையில் ஒரு பாதி என்பதைப் பலர் ஒத்துக்கொள்வதில்லை. எல்லாத் தளங்களையும் தாங்குவோம் என்பது கேட்க இனிமையாக இருக்கும். 2014இல் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியானபோது, இணையத் தகவலை மறையாக்கும் ஓப்பன் எஸ்.எஸ்.எல். நூலகத்தைப் பிரித்துப் பார்த்த ஓப்பன்பி.எஸ்.டி.க்காரர்கள், 16 பிட் விண்டோஸுக்கும் வி.எம்.எஸ். என்ற பழைய இயங்குதளத்துக்குமான நிரல் அதில் இன்னும் உயிரோடு இருப்பதைக் கண்டார்கள். தங்கள் கிளைப் பதிப்பான லிப்ரே எஸ்.எஸ்.எல்.லில் பல பத்தாயிரம் வரிகளை வெட்டினார்கள். லினக்ஸ் கர்னல் 1991இல் பிறந்ததே இன்டெல் 386 புராசஸரில்தான். அந்த 386க்கான ஆதரவை 2012இல் அதே கர்னல் கைவிட்டது. ஓட்டிப் பார்க்க ஆளில்லாத தளத்துக்கான நிரல் நாளடைவில் பொய்யாகிவிடும். அதை வைத்திருப்பதைவிட எடுத்துவிடுவது நேர்மை.

எதை வைப்பது, எதை விடுவது என்பதில் டெபியன் என்ற லினக்ஸ் விநியோகத்தாரின் நிதானம் எனக்குப் பிடிக்கும். 32 பிட்டில் நேரத்தை எண்ணும் கணினிகளில் 2038 ஜனவரி 19, நம் நேரப்படி காலை 8:44:07க்கு எண் நிரம்பிவிடும். 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13, 32 பிட் ஆர்முக்கு நேரத்தை 64 பிட்டாக மாற்றிவிட்டது. கருவிகளுக்குள் பதிந்த அந்தக் கணினிகள் 2038இலும் ஓடிக்கொண்டிருக்கும். பழைய 32 பிட் இன்டெல்லை மட்டும் மாற்றாமல் விட்டார்கள். அது இன்று பழைய நிரல்களை ஓட்டவே இருக்கிறது. மாற்றினால் அந்தப் பழைய நிரல்களே ஓடாது. அதே டெபியன் 13இல் ரிஸ்க்-வி என்ற புதிய புராசஸர் வகைக்கு அதிகாரபூர்வ இடம் கிடைத்தது. சென்னை ஐ.ஐ.டி.யின் சக்தி புராசஸர்களும் ரிஸ்க்-வி வகைதான். ஆயிரக்கணக்கான திறமூலத் தொகுப்புகள் அந்தப் புராசஸரில் எழுந்து நின்றதற்குக் காரணம், அது பிறப்பதற்கு முன்பே, வேறு ஏதோ தளத்துக்காக யாரோ அந்த நிரல்களின் முடிச்சுகளை அவிழ்த்து வைத்திருந்ததுதான்.

என்னுடைய ஏற்பாடு எளியது. நிரலில் ஒரு வரி மாற்றினாலும் லினக்ஸ், விண்டோஸ், மேக் மூன்றிலும் தானாகக் கட்டப்பட்டுச் சோதனைகள் ஓடும். திறமூலத் திட்டங்களுக்கு கிட்ஹப் இதை இலவசமாகவே தருகிறது. ஜி.சி.சி., கிளாங் இரண்டிலும் எச்சரிக்கைகளை முழுக்கத் திறந்து வைத்திருக்கிறேன். பைட் வரிசை தலைகீழாக இருக்கும் ஐ.பி.எம். மெயின்ஃப்ரேம் வகையை மட்டும் கியூஎமு என்ற போலிக் கணினியில் ஓட்டுகிறேன். ராஜபாளையத்தில் இருந்துகொண்டு மெயின்ஃப்ரேம் எதற்கு என்று மனைவி கேட்பாள். யூனிகோடின் 16 பிட் வடிவத்தில் 'அ' என்பது, பதினாறடிமான எண்ணில் எழுதினால், 0பி, 85 என்ற இரண்டு பைட்டுகள். வரிசை புரண்டு 85, 0பி ஆனால் அது ஒரு சீன எழுத்து. என் நிரலில் அந்தப் பிசகு இருந்து, அதைக் காட்டிக்கொடுத்ததும் அந்தப் போலி மெயின்ஃப்ரேம்தான். அரிய புராசஸர் உண்மையாகவே வேண்டுமென்றால், திறமூல உருவாக்குநர்களுக்கு இலவசக் கணக்கு கொடுக்கும் ஜி.சி.சி. கம்பைல் ஃபார்ம் இருக்கிறது.

கல்லூரியில் கணினி படிக்கும் பிள்ளைகள் திறமூலத்துக்கு எப்படிப் பங்களிப்பது என்று அடிக்கடி கேட்கிறார்கள். புதிதாக ஒரு செயலி எழுத வேண்டாம். நீங்கள் தினமும் பயன்படுத்தும் சின்ன நிரல் ஒன்றை எடுத்து, அதன் ஆசிரியரிடம் இல்லாத கணினியில், அவர் பயன்படுத்தாத கம்பைலரில் கட்டிப் பாருங்கள். வீட்டில் கிடக்கும் பழைய மடிக்கணினி போதும். உடைந்தால் எழுதுங்கள்: எந்த இயங்குதளம், எந்தப் பதிப்பு, எந்தக் கம்பைலர், எந்தப் புராசஸர். கான்ஃபிகர் எழுதி வைக்கும் பதிவுக் கோப்பையும் சேர்த்து அனுப்புங்கள். பிழைச் செய்திகளில் கடைசி வரியைப் படம் பிடித்து அனுப்புவதுதான் பலர் வழக்கம். அதில் எங்களுக்கு ஒன்றும் கிடைக்காது. முதல் பிழை வரியை எழுத்தாக அனுப்புங்கள்.